தஞ்சை அரண்மனையும் சுவார்ட்ஸ் ஐயரும்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தஞ்சாவூர்ச் சீமையில் எவரும் எவர் சொல்லையும் நம்பாத நிலை இருந்தது. மராட்டிய அரசர் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியாரை நம்பவில்லை. கும்பினியார் மைசூரின் ஹைதர் அலியை நம்பவில்லை. குடியானவர்கள் இவர்களில் யாரையுமே நம்பவில்லை. இந்த எல்லாத் தரப்பாரும் நம்பிய சொல் ஒன்று இருந்தது. அது ஒரு ஜெர்மானிய லுத்தரன் மிஷனெரியுடையது. கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் என்பது அவர் பெயர். தமிழ்க் கிறிஸ்தவர்கள் அவரைச் சுவார்ட்ஸ் ஐயர் என்றார்கள். 1750இல் தமிழகம் வந்தவர் 1798இல் இறக்கும்வரை ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை. பிறரைத் தம் சமயத்துக்கு அழைப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவர், அழைப்பை ஏற்காதவர்களோடு எப்படி வாழ்ந்தார் என்பதே அவருடைய வரலாற்றில் முக்கியமான பகுதி.

தரங்கம்பாடியின் முன்மாதிரி

சுவார்ட்ஸுக்கு முன்பே ஒரு மரபு டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியில் உருவாகியிருந்தது. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றி புளுச்சாவும் 1706 ஜூலை 9 அன்று அங்கு வந்து சேர்ந்தனர். சீகன்பால்கு ஊர்ப் பிள்ளைகளோடு மணலில் எழுத்துப் பழகித் தமிழ் கற்றார். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டிப் பட்டியலிட்டார். தமிழர்களின் வழிபாடு, ஒழுக்கம், வாழ்க்கை குறித்துக் கேள்விகள் எழுதி அனுப்பி, அவர்கள் எழுதிய பதில்களை மொழிபெயர்த்து ஜெர்மனியில் வெளிவரச் செய்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு பெருநூல் எழுதினார். சிலை வணக்கத்தை ஒழிக்கப் போனவர் அதைப் பற்றி நூல் எழுதுவதா என்ற எண்ணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்த மிஷன் தலைவர்களுக்கு. நூல் கிடப்பில் போடப்பட்டு, 1867இல்தான் சென்னையில் அச்சேறியது.

எளியவர் பக்கம் நிற்பதும் இந்த மரபில் சேர்ந்திருந்தது. ஓர் ஏழை விதவைக்காகப் பரிந்து பேசியதில் தொடங்கிய மோதலால், தரங்கம்பாடியின் டேனிஷ் தளபதி சீகன்பால்கை நான்கு மாதம் சிறையில் வைத்தார். மிஷனெரியும் ஐரோப்பிய ஆட்சியும் எப்போதும் ஒரே பக்கத்தில் நிற்பதில்லை என்பதை ஊரார் அப்போதே கண்டனர்.

இந்த மிஷனெரிகளை உருவாக்கிய ஹாலே நகரம் லுத்தரன் சபைக்குள் எழுந்த பக்தி இயக்கத்தின் மையம். அங்கே ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே 1690களில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் அனாதை இல்லமும் தொடங்கினார். பின்னர் அச்சகமும் மருந்துச்சாலையும் சேர்ந்தன. விசுவாசம் செயலில் தெரிய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிவிட்டவன் யூதர்கள் புறச்சமயத்தவனாக ஒதுக்கிய சமாரியன்தான் என்னும் இயேசுவின் உவமை அவர்களுக்கு மனப்பாடம். பிறனிடம் அன்பு காட்ட அவன் எந்தச் சமயத்தவன் என்று கேட்கத் தேவையில்லை என்பதே அந்த உவமையின் சாரம்.

ஹாலேயிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு

சுவார்ட்ஸ் 1726இல் பிரஷ்யாவைச் சேர்ந்த சோனன்பர்க்கில் பிறந்தார். இன்று அவ்வூர் போலந்தில் இருக்கிறது. ஹாலேயில் படித்தபோது, தமிழகத்திலிருந்து திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ட்சுக்கு அச்சு வேலையில் உதவும் பொருட்டுத் தமிழ் கற்கத் தொடங்கினார். 1749இல் கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, 1750இல் தரங்கம்பாடி வந்தார். சில மாதங்களிலேயே, சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் தமிழில் பிரசங்கம் செய்தார். பின்னர் சில ஆண்டுகளைத் தமிழரின் சமய நூல்களைப் படிப்பதில் செலவிட்டார். எதிரில் இருப்பவர் எதை நம்புகிறார் என்று தெரியாமல் அவரோடு பேசக்கூடாது என்பது சீகன்பால்கு காலத்திலிருந்தே வந்த பாடம்.

1762 முதல் அவர் திருச்சிராப்பள்ளியில் தங்கினார். ஆற்காட்டு நவாப் முகமது அலியின் செல்வாக்கு நிலவிய ஊர் அது. முஸ்லிம்களோடு நேரடியாகப் பேச வேண்டுமென்று அங்கே பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். பின்னாளில் தஞ்சை அரண்மனைக்காக மராட்டியும் கற்றார். வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துப் பலர் மாண்டபோது, தகப்பனை இழந்த சிப்பாய்களின் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்தினார். கோட்டைக்குள் 1766இல் கிறிஸ்து ஆலயம் எழுந்தது. ஆங்கிலப் படைக்குக் குருவாக இருந்ததற்குக் கிடைத்த ஆண்டு ஊதியம் 100 பவுனைப் பெரும்பாலும் மிஷன் பணிக்கே செலவிட்டார்.

அவர் வாழ்ந்தது கட்டில் போடும் அளவுக்கே இடமுள்ள ஓர் அறையில். உணவு சோறும் காய்கறியும். உடை சாயம் தோய்த்த கறுப்புப் பருத்தித் துணி. கும்பினி அதிகாரிகள் சில ஆண்டுகளிலேயே பெருஞ்செல்வத்தோடு கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. ஊரார் அவரை மற்ற வெள்ளையரிடமிருந்து பிரித்துப் பார்த்ததற்கு அவரது பிரசங்கத்தைவிட இந்த எளிமையே முதற்காரணம்.

துளஜாவின் அரண்மனையில்

தஞ்சை அரசர் துளஜாவைச் சுவார்ட்ஸ் முதலில் சந்தித்தது 1769இல். அரண்மனையில் முதலில் பாரசீக மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேச்சு நடந்தது. பிறகு அவர் தமிழிலேயே பேசத் தொடங்க, அரசர் ஆவலோடு கேட்டார். அரசவையில் அவருக்கு எதிர்ப்பும் இருந்தது. சிலை வணக்கம் தவறு என்பதை அவர் அரசர் முன்னிலையிலும் மறைக்கவில்லை. அரசரும் தம் வழிபாட்டை விடவில்லை. ஆனாலும் உறவு தொடர்ந்தது.

அந்த உறவை உறுதிப்படுத்தியது நாட்டின் நெருக்கடி. 1773இல் நவாபும் கும்பினியும் சேர்ந்து தஞ்சையைப் பிடித்தனர். துளஜா சிறைப்பட்டார். மூன்று ஆண்டுகள் நாடு நவாபின் வரி வசூலில் நசுங்கியது. 1776இல் சென்னை ஆளுநர் பிகட் பிரபு அரசரை மீண்டும் அமர்த்தினார். 1778இல் சுவார்ட்ஸ் தஞ்சையிலேயே குடியேறினார். அடுத்த ஆண்டு, சிவகங்கைத் தோட்டத்தை அடுத்த சின்னக் கோட்டைக்குள், பெரிய கோயிலுக்கு அருகிலேயே அவரது ஆலயம் எழுந்தது.

ஹைதர் அலியிடம் தூது

1779இல் சென்னை ஆளுநர் சர் தாமஸ் ரம்போல்ட், ஹைதர் அலியிடம் போய் அவர் மனநிலையை அறிந்து, கும்பினி சமாதானத்தையே விரும்புகிறது என்று சொல்லிவரும்படி சுவார்ட்ஸை அனுப்பினார். இந்துஸ்தானி தெரிந்தவர், இலஞ்சத்துக்கு மசியாதவர் என்பவை அவரைத் தேர்ந்ததற்குக் காரணங்கள். போரைத் தவிர்க்க முடியுமானால் அதுவும் சமயப் பணிதான் என்று எண்ணி அவர் இசைந்தார்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதர் அவரைத் தம் அருகே கம்பளத்தில் அமர்த்திப் பேசினார். அங்கே படையிலிருந்த ஐரோப்பியருக்கும் தமிழருக்கும் கூடாரத்தில் அவர் வழிபாடு நடத்தத் தடை ஏதுமில்லை. குடிகள் எந்தச் சமயத்தைப் பின்பற்றினாலும் ஹைதர் அதைப் பொருட்படுத்துவதில்லை என்று சுவார்ட்ஸ் குறித்துவைத்தார். வேலைகளை விரைந்து முடிக்கும் ஹைதரின் திறனைப் பாராட்டியதோடு, அவருடைய தண்டனைகளின் கொடுமையையும் எழுதினார். எதிர்த்தரப்பு அரசர், வேறு சமயத்தவர் என்பதற்காக அவர் குறிப்பு ஒரு பக்கமாகச் சாயவில்லை.

தூது பலிக்கவில்லை. பிரெஞ்சுக்காரரின் மாஹேயைக் கும்பினி கைப்பற்றியதில் ஹைதருக்கு ஏற்பட்ட சினம் தணியவில்லை. 1780இல் போர் மூண்டது. வழிச்செலவுக்கென்று ஹைதர் தந்திருந்த 300 ரூபாயைச் சுவார்ட்ஸ் சென்னை அரசிடம் ஒப்படைத்தார். அவர்கள் வாங்க மறுத்ததும், அதைத் தஞ்சையில் அனாதைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு ஒதுக்கினார். தூதால் கிடைத்த இன்னொரு பலன் போருக்கு நடுவே தெரிந்தது. இந்தப் பாதிரியாரைத் தடுக்க வேண்டாம், அவருக்குத் தீங்கு செய்ய வேண்டாம் என்று ஹைதர் தம் தளபதிகளுக்கு உத்தரவிட்டிருந்தார். வேறு ஐரோப்பியர் எவரும் தலைகாட்ட முடியாத வழிகளில் அவர் போய்வந்தார். போரின் இறுதிக் கட்டத்தில் ஹைதரின் மகன் திப்புவுடன் சமாதானம் பேச அழைக்கப்பட்டுப் புறப்பட்டபோது மட்டும், சத்தியமங்கலத்தில் திப்புவின் ஆட்கள் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டனர்.

பஞ்சமும் நெல்லும்

போர்க்காலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் வந்தது. ஹைதரின் குதிரைப்படை வயல்களை அழித்தது. வாய்க்கால்களும் அணைகளும் பாழாயின. கிராமத்தார் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தனர். தெருவில் பிணங்கள் கிடந்தன. கிராமங்களில் கொஞ்சம் நெல் இருந்தது. அதைக் கொண்டுவர மாடுகள் வேண்டும். முன்பு கொடுத்த நெல்லுக்கும் மாட்டுக்கும் பணம் வராமல் ஏமாந்திருந்த குடியானவர்கள், அரசர் ஆளனுப்பியும் கும்பினி ஆளனுப்பியும் வர மறுத்தனர். கடைசியில் அரசர் தரப்பாரும் கும்பினியாரும் சுவார்ட்ஸை அணுகினார்கள். பணத்துக்குத் தாமே பொறுப்பு என்று அவர் எழுதி அனுப்பினார். இரண்டொரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்தது. சொன்னபடி ஒவ்வொருவருக்கும் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

இதோடு, முன்னெச்சரிக்கையாக வாங்கிச் சேர்த்திருந்த அரிசியைக் கொண்டும், ஐரோப்பியரிடம் திரட்டிய பணத்தைக் கொண்டும் தம் வாசலில் பட்டினியோடு வந்தவர்களுக்கு உணவளித்தார். கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்ற வரையறை அதில் இல்லை. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர்.

போர் முடிந்தபின் அதே நம்பிக்கை இன்னொரு முறை பயன்பட்டது. வரிக் கொடுமையும் அநீதியும் தாங்காமல் குடியானவர்கள் ஊரைவிட்டு ஓடியிருந்தனர். திரும்பி வரும்படி அரசர் அழைத்தும் யாரும் வரவில்லை. நியாயம் செய்வதாக அரசர் கொடுத்த வாக்கைச் சுவார்ட்ஸ் தம் பெயரில் தெரிவித்தார். முதலில் கள்ளர் சமூகத்தார் வந்தனர். பின்னர் மற்றவர்களும் வந்தனர். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள். வழக்கமாக ஆனியில் தொடங்கும் உழவு அந்த ஆண்டு ஆவணி முடியும் வேளையில்தான் தொடங்கியது. அப்படியும் இரவு பகலாக உழைத்து நல்ல விளைச்சல் எடுத்தனர்.  இந்த உழவர்கள் மதம் மாற வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

அக்காலத்தில் தெற்கே ஆங்கிலப் படையை நடத்திய கர்னல் புல்லார்ட்டன், ஐரோப்பியர் எல்லாருமே ஒழுக்கம் கெட்டவர்கள் என்று நாட்டில் பரவியிருந்த பழியைத் துடைத்தது இந்த ஒரு மனிதரின் நேர்மைதான் என்ற கருத்தைப் பதிவு செய்தார். தம்மவரைப் பற்றி ஓர் ஆங்கிலத் தளபதி தந்த சான்று என்பதால் அதற்கு எடை அதிகம்.

பள்ளிகள்

1785 வாக்கில், தஞ்சையில் கும்பினியின் ரெசிடென்டாக இருந்த ஜான் சல்லிவன் யோசனைப்படி, தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. உள்ளூர் ஆட்சியாளர்கள் ஆதரவு தந்தனர். பள்ளி ஒன்றுக்கு ஆண்டுக்கு 250 வராகன் தரக் கும்பினி இயக்குநர்கள் இசைந்தனர். படித்தவர்கள் பெரும்பாலும் பிராமணர், வணிகர் பிள்ளைகள். பிள்ளைகளைச் சூழ்ச்சியால் மதம் மாற்ற மாட்டோம் என்று பெற்றோருக்கு உறுதி கூறப்பட்டது. கிறிஸ்தவ போதனையை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்ற விருப்பத்தைச் சுவார்ட்ஸ் மறைக்கவும் இல்லை. விரும்புவது வேறு, வஞ்சிப்பது வேறு என்ற இந்த வேறுபாட்டை அவர் வாழ்நாள் முழுதும் காத்தார்.

1793இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர், சுவார்ட்ஸ் மதம் மாற்றியவர்கள் ஒழுக்கமற்றவர்கள், அவர்கள் அவரையே கொள்ளையடித்தார்கள் என்று பேசினார். அதற்கு மறுப்பாக 1794இல் சுவார்ட்ஸ் எழுதிய நீண்ட கடிதத்தில்தான் மாடுகளும் நெல்லும், 7,000 பேர் திரும்பியதும் விவரமாக வருகின்றன. அந்தக் குற்றச்சாட்டு எழாதிருந்தால் இந்த நிகழ்ச்சிகளை அவர் இவ்வளவு விரிவாக எழுதியிருப்பாரா என்பது ஐயம்.

சரபோஜியின் பாதுகாவலர்

துளஜாவுக்கு வாரிசு இல்லை. 1787 தொடக்கத்தில், பத்து வயதுகூட நிரம்பாத சரபோஜியைத் தத்தெடுத்தார். சாகும் தறுவாயில் சுவார்ட்ஸை அழைத்து, சிறுவனுக்குப் பாதுகாவலராக இருக்கும்படி கேட்டார். தம் சமயத்து உறவினரும் அமைச்சரும் சூழ இருக்க, ஓர் இந்து அரசர் தம் வாரிசை ஒரு கிறிஸ்தவக் குருவின் கையில் ஒப்படைக்க முன்வந்தார். அரண்மனைச் சூழ்ச்சிகளுக்கு நடுவே தம்மால் அதைச் செய்ய இயலாது என்று கூறி, அரசரின் தம்பி அமர்சிங்கை ஏற்பாடு செய்யலாம் என்றார் சுவார்ட்ஸ். துளஜா இறந்ததும், தத்து செல்லாது என்று பண்டிதர்கள் சொன்ன கருத்தை வைத்து அமர்சிங்கே அரியணை ஏறினார்.

சரபோஜி ஏறக்குறையச் சிறை வைக்கப்பட்டார். வெளிச்சம் புகாத இடம், படிப்பு கிடையாது. சுவார்ட்ஸ் கும்பினியிடம் மீண்டும் மீண்டும் முறையிட்டார். 1793இல் சரபோஜியும் துளஜாவின் அரசியரும் சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே வில்லியம் கெரிக்கே என்ற மிஷனெரி சரபோஜியின் கல்வியைக் கவனித்தார். சிறுவனை மதம் மாற்ற வாய்ப்பான சூழல் அது. ஆயினும் சரபோஜி சைவராகவே வளர்ந்தார். தத்து பற்றி வேறு பண்டிதர்களிடம் கருத்துக் கேட்டபின் கும்பினி தன் முடிவை மாற்றிக்கொண்டது. 1798 ஜூனில் சரபோஜி முடிசூட்டப்பட்டார். அமர்சிங் திருவிடைமருதூருக்குப் போனார்.

அந்த முடிசூட்டைச் சுவார்ட்ஸ் பார்க்கவில்லை. 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சையில் இறந்தார். படுக்கையில் கிடந்தவரைச் சரபோஜி வந்து பார்த்தார். இறந்தபின் உடல்மீது பொற்சரிகைத் துணி போர்த்தி, அழுது, அடக்கத்துக்கும் உடன் சென்றார். கல்லறைக் கல்லில் பொறிக்க ஆங்கிலத்தில் தாமே கவிதை எழுதினார். இலண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மேனைக் கொண்டு ஒரு சலவைக்கல் நினைவுச் சின்னம் செய்வித்தார். கட்டிலில் கிடக்கும் குருவின் கையை அரசர் பற்றியிருக்கும் அச்சிற்பம் சிவகங்கைத் தோட்டத்து ஆலயத்தில் இருக்கிறது. கும்பினி தன் பங்குக்குச் சென்னைக் கோட்டையின் புனித மேரி ஆலயத்தில் ஒரு சின்னம் வைத்தது.

மாறாத அரசரின் நன்றி

சரபோஜி சுவார்ட்ஸிடமிருந்து கல்வியின் மீது ஆர்வத்தைப் பெற்றார், சமயத்தைப் பெறவில்லை. அரண்மனை நூலகமான சரஸ்வதி மகாலில் ஆயிரக்கணக்கான ஐரோப்பிய நூல்களைச் சேர்த்தார், அச்சகம் நிறுவினார். பெரிய கோயில் சுவரில் தம் போன்சலே வம்ச வரலாற்றைப் பொறிக்கச் செய்தார். காசிக்கு யாத்திரை போனார். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தில் இலவச உணவும் கல்வியும் வழங்கினார். கண்ணந்தங்குடியில் ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளைப் பராமரிக்கவும் அறக்கட்டளை அமைத்தார். பிற சமயத்தாருக்கு உதவுவது ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை.

சுவார்ட்ஸ் தஞ்சைக்கு அழைத்துவந்து படிக்கவைத்த திருநெல்வேலிச் சிறுவன் வேதநாயகம், பின்னாளில் சாஸ்திரியாராகிப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். சரபோஜியின் அவையில் அவருக்கு ஆதரவு இருந்தது. அதே அரசரைத் தலைவராக வைத்துக் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பெரிய கோயிலில் நடிக்கப்பட்டது. ஒரே அரசரின் காலத்தில் ஒரே இலக்கிய வகை இரு சமயத்தாருக்கும் பயன்பட்டது. 1826இல் தஞ்சைக்கு வந்த கல்கத்தா பிஷப் ரெஜினால்ட் ஹீபரிடமும் சரபோஜி தம் பழைய ஆசானைப் பற்றி நன்றியோடு பேசினார். 1832இல் சைவராகவே மறைந்தார்.

எல்லைகள்

சுவார்ட்ஸின் அன்புக்கு வரம்புகளும் உண்டு. முதலாவது அரசியல். அவர் கும்பினிக்குத் தூதராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் தஞ்சை நிர்வாகக் குழுவில் உறுப்பினராகவும் இருந்தார். கட்டாய வேலையையும் அநியாய வரியையும் குறைக்க அந்த இடத்தைப் பயன்படுத்தினார். ஆயினும் அவர் கைகொடுத்து ஏற்றிய சரபோஜிக்கு அரியணை கிடைத்தபோது ஆட்சி கிடைக்கவில்லை. 1799 ஒப்பந்தப்படி நாட்டு நிர்வாகம் கும்பினிக்குப் போனது. கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே அரசருக்கு மிஞ்சின. ஒரு நல்லவரின் பெயர் ஓர் ஆதிக்கத்துக்கு எளிய வழியமைத்துத் தந்தது என்ற விமரிசனத்தை ஒதுக்கிவிட முடியாது.

இரண்டாவது சாதி. தஞ்சைச் சபைகளில் வேளாளக் கிறிஸ்தவர் ஒருபுறமும் ஒடுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவர் மறுபுறமும் அமர்ந்தனர். நற்கருணை வாங்குவதிலும் முன்பின் இருந்தது. காலப்போக்கில் இது மறையும் என்று சுவார்ட்ஸ் நம்பினார், வற்புறுத்தி மாற்றவில்லை. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் ஆலயத்துக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று ஆணையிட்டபோது, தஞ்சையில் வேளாளக் கிறிஸ்தவர் பலர் சபையைவிட்டு வெளியேறினர். எதிர்த்தவர்களில் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். சைவ அரசரிடமும் முஸ்லிம் ஆட்சியாளரிடமும் பெயர் தெரியாத உழவரிடமும் தடையின்றிச் சென்ற அன்பு, தன் ஆலயத்தின் இருக்கைகளுக்கு இடையே இருந்த எல்லையைத் தாண்டவில்லை. சமய வேறுபாட்டைக் கடப்பதைவிடச் சாதி வேறுபாட்டைக் கடப்பது அந்தச் சபைக்குக் கடினமாக இருந்தது என்பதைத் தஞ்சையின் வரலாறு காட்டுகிறது.